கொசுவம் பிடிக்க ஓர் ஆள்

என் சேலை காளப்பநாய்க்கன்பட்டி பஸ் ஸ்டாப்பிலேயே கசங்கத் தொடங்கிவிடும். நாமக்கல்லிலிருந்து வரும் பஸ் அங்கே வந்து சேரும்போதே நிரம்பியிருக்கும். ஒரு கையில் சோற்றுப் பை, தோளில் ஹேண்ட்பேக், மறு கையில் மேல்கம்பி. மலையடிவாரத்தைத் தொடும் முன்பே முந்தானை சுருண்டு கயிறாகியிருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் கொசுவத்தில் ஒரு மடிப்பை உருவிக்கொண்டு போகும். பக்கத்தில் யாராவது ஜன்னலுக்குப் பாய்ந்து வாந்தி எடுப்பார்கள். அவர்களுக்கு வழிவிட ஒதுங்கும்போது ஊக்கு ஒன்று சேலையைக் கிழிக்கும். மலைமேல் செம்மேட்டில் இறங்கும்போது நான் ஆபீசில் வேலை செய்கிறவள் மாதிரி இருக்க மாட்டேன். ஆபீசுக்கு மனு கொடுக்க வந்து நாலு நாள் வாசலிலேயே கிடந்தவள் மாதிரி இருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு மலைமேல் ஒரு சின்ன அரசு அலுவலகத்தில் வேலை. வீடு கீழே, காளப்பநாய்க்கன்பட்டியில். மூத்தவள் இரண்டாம் வகுப்பு படித்தாள். இளையவன் இன்னும் பால் மறக்கவில்லை. காலையில் அவனை மடியிலிருந்து பிய்த்து மாமியாரிடம் கொடுத்துவிட்டு, பெரியவளுக்குத் தலை பின்னி, சோறு கட்டி, கடைசியில் மிச்சமிருக்கிற கொஞ்ச நேரத்தில்தான் சேலையைச் சுற்றுவேன். அதுவும் கஞ்சி போட்ட காட்டன் சேலை. ஆபீஸ் என்றால் காட்டன்தான் என்று யார் என் மண்டையில் ஏற்றினார்களோ தெரியவில்லை. கட்டும்போது முறுக்காக நிற்கும், பஸ் ஏறியதும் அப்பளமாய் நொறுங்கும்.

இப்படி நான் நொறுங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவள் எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தாள். மலைக்காரிதான். குண்டூர் நாட்டில் ஒரு சிற்றூர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், அவற்றிலும் சின்னது கைக்குழந்தை. பிள்ளை இல்லாதவள் என்றால் நான் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அவள் தோட்டத்து வரப்பில் நடந்து, ரோட்டுக்கு வந்து, பஸ்ஸோ ஜீப்போ பிடித்து வர வேண்டும். மழைக்காலத்தில் அந்த வழி முழுக்கச் செம்மண் சேறு. ஆனால் மேஜைக்கு எதிரே வந்து உட்காரும்போது அவள் கொசுவம் மூடி வைத்த விசிறி மாதிரி, ஒரு மடிப்பின் மேல் இன்னொரு மடிப்பு உட்கார்ந்திருக்கும். தோளில் முந்தானை ஒரே அகலத்தில் இறங்கும். கரை தரையை உரசாது, கணுக்காலையும் காட்டாது.

விலை உயர்ந்த சேலைகளும் இல்லை. நாலைந்து நூல் சேலை, இரண்டு மூன்று சிந்தெடிக் பூனம் சேலை. கறுப்பு ஜாக்கெட் ஒன்றையே நாலு சேலைக்குப் போட்டுக்கொள்வாள். நான் ஒவ்வொரு சேலைக்கும் ஜாக்கெட் தேடி டிரங்குப் பெட்டியைக் கலைத்துக்கொண்டிருப்பேன். அந்தக் கறுப்பு ஜாக்கெட் யோசனை ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று ஒரு வாரம் பொருமினேன்.

ஒருமுறை மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். வரவேற்கச் சந்தனத் தட்டோடு வாசலில் ஒரு பெண் நிற்க வேண்டும். எங்களில் மூத்தவள் நான். எங்கள் ஆபீசர் என்னைப் பார்த்தார். என் முந்தானையைப் பார்த்தார். அப்புறம் அவளிடம், "நீங்க நில்லுங்கம்மா" என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது. வந்தவர் சந்தனம் எடுத்துக்கொண்டு, "ஆபீஸ் நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். ஆபீசை அவர் அதுவரை பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்திருந்தார்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். "எப்படிக் கண்ணு இப்படிக் கட்டற நீ?"

"ஒண்ணுமில்லீங்க்கா. சும்மா கட்டிட்டு வாரேன்."

மறைக்கிறாள் என்றே நினைத்தேன். சமையலில் கைப்பக்குவம் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லி மசாலாவை மறைக்கிறவர்கள் உண்டில்லையா, அந்த ரகம் என்று. சரி, நீ சொல்ல வேண்டாம், நானே கண்டுபிடிக்கிறேன் என்று சேந்தமங்கலம் போய்ப் பூனம் சேலை இரண்டு எடுத்தேன். கறுப்பு ஜாக்கெட்டும் தைத்தேன். அதோடு விட்டேனா? கொசுவத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாக மடித்து, ஊசி நூல் போட்டு ஓட்டி, மேலே கொக்கி வைத்துப் பாவாடையோடு மாட்டும்படி தைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலை சேலை கட்டப் பாதி நேரம்கூட ஆகவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது அவளைப்போலவே இருந்தேன். இன்றைக்கு அவள் முகம் எப்படிப் போகிறது பார்ப்போம் என்று ஒரு சந்தோஷத்தோடு பஸ் ஏறினேன்.

மலையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. ஒரு வளைவில் பின்னால் நின்றவர் தடுமாறி என் சேலைக் கரையை மிதித்தார். நான் முன்னால் சாய்ந்தேன். நூல் பிரிகிற சத்தம் எனக்கே கேட்டது. தனித்தனியாகச் செருகிய கொசுவமாக இருந்தால் ஒன்றிரண்டுதான் போயிருக்கும். இது ஒன்றாகத் தைத்தது, ஒன்றாகவே வந்துவிட்டது. மீதி வழி முழுக்க ஹேண்ட்பேக்கை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். செம்மேட்டிலிருந்து ஆபீசுக்கு எப்படி நடந்தேன் என்பதை இன்றைக்கும் நினைக்கப் பிடிக்காது.

அவள்தான் பார்த்தாள். உடனே என்னைப் பழைய ஃபைல் கட்டுகள் அடுக்கியிருக்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். தைத்த நூலையெல்லாம் பல்லால் கடித்துப் பிரித்தாள். "மடிப்ப நீங்க எடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு என் காலடியில் குந்தி உட்கார்ந்தாள். நான் மேலே மடிக்க மடிக்க, அவள் கீழே ஒவ்வொரு மடிப்பையும் கரையோடு கரை சேர்த்து நீவி, இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தாள். எழுந்தபோது என் கொசுவம் அவளுடையது மாதிரியே நின்றது.

"கீழ ஒரு ஆளு புடிக்கோணுங்க்கா. தனியாக் கட்டுனா எந்தச் சேலையும் நிக்காது."

"உனக்கு யாரு புடிப்பாங்க?"

"எங்க ஊட்டுக்காரருதான்" என்றாள், உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல.

அதுவரை எனக்கு இருந்தது சேலைப் பொறாமை. பூனம், கறுப்பு ஜாக்கெட், கொக்கி என்று ஏதாவது வாங்கித் தீர்த்துக்கொள்ளலாம். அந்த நிமிஷத்தில் அது வேறொன்றாக மாறியது. அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு ஆண்பிள்ளை காலையில் பெண்டாட்டியின் காலடியில் குந்தி உட்காருகிற காட்சியைக் கற்பனை செய்து பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மறுநாள் காலை சேலையைச் சுற்றிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏனுங்க, இந்தக் கொசுவத்தைக் கீழ கொஞ்சம் புடிங்க."

அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே அவர் அம்மா பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை சொல்ற புள்ள. அம்மா இருக்குது."

"இருந்தா என்னங்க?"

"பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்பு" என்று பேப்பரைத் திருப்பினார். கெட்ட மனுஷர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரைத் தேடி அர்த்த ஜாமத்திலும் ஓடுவார். வயலில் இடுப்புவரை சேற்றில் நிற்பார். ஆனால் என் காலடியில் குந்துவது அவருக்கு மலையைவிட உயரமாக இருந்தது.

கொஞ்ச நாளில் அவளுடைய சின்னப் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. ஆபீசில் எல்லோரையும் அழைத்தாள். நான் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். வாசல் நிறையச் சனம். மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் பெரிய அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. அவள் உள்ளே பட்டுச்சேலை கட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது. அவள் புருஷன் அப்போதுதான் விறகு பிளந்துவிட்டு வந்திருப்பார் போல, தோளில் மரத்தூள் ஒட்டியிருந்தது. கையைத் துண்டில் நன்றாகத் துடைத்தார். குந்தினார். பட்டுக் கொசுவத்தை ஒவ்வொன்றாக நீவிப் பிடித்தார். பிடித்துக்கொண்டே மேலே நிமிர்ந்து என்னவோ கேட்டார். அவள் குனிந்து பதில் சொன்னாள். இரண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள். அவர் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். கண்ணை எடுக்க முடியாமல் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் உடனே வெளியே போய் மிளகு விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோமே தவிரப் பேசவில்லை. கீழே இறங்கும்போது, "அந்த மனுசன் நல்ல மாதிரி" என்றார். அவ்வளவுதான்.

எனக்குப் பிடிக்க ஆள் இல்லை. அப்படியானால் பிடிக்க ஆள் வேண்டாத துணி எனக்கு வேண்டும். அன்றிலிருந்து இதே நினைப்பு. அடுத்த மாதம் நாமக்கல் போய்ச் சுடிதார் இரண்டு செட் எடுத்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணமாகாத பெண்கள்தான் சுடிதார் போட்டார்கள். பிள்ளை பெற்றவள் போட்டால் பேச்சு வரும். வந்தது.

"ரெண்டு புள்ளைக்குத் தாயி, இதென்ன கண்ணு வேசம்?" என்றார் மாமியார்.

"பஸ்ல சேலை நிக்கறதில்லீங்க அத்தை."

"இத்தன வருசமா நின்னுதே."

"நிக்கவே இல்லீங்க. நீங்க பஸ்ல வந்து பாக்கல, அவ்வளவுதான்."

வீட்டுக்காரர் நடுவில் வரவில்லை. "துப்பட்டாவக் குத்திக்க, கம்பில மாட்டும்" என்று மட்டும் சொன்னார். கொசுவத்துக்குப் பதிலாக அவர் தர முடிந்தது அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆபீசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "என்னம்மா, காலேஜுக்குப் போறீங்களா?" என்றார். "இல்லீங்க சார், ஆபீசுக்குத்தான். இன்னிக்கு நேரத்துலயே வந்துட்டேன்" என்றேன். அது உண்மை. வழக்கமாகத் தவறவிடுகிற முந்தின பஸ்ஸை அன்று பிடித்திருந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. நான் நனையாத கால்களோடு, ஒரு ஊக்கும் தளராமல் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து என் சுடிதாரின் கைப்பகுதியைத் தொட்டுப் பார்த்தாள். "மடிப்பே இல்லீங்களாக்கா? அப்படியே தலையில மாட்டிக்கறதுங்களா?" அவள் கண்ணில் ஆசை தெரிந்தது. ஆசை மட்டுமல்ல, எனக்கு நன்றாகப் பழக்கமான இன்னொன்றும் தெரிந்தது. அன்று மத்தியானம் சாப்பாடு எனக்கு எவ்வளவு ருசித்தது என்று சொல்லி முடியாது.

மறுவாரம் அவளும் ஒன்று எடுத்துப் போட்டுவந்தாள். பழுப்பு நிறத்தில் சின்னப் பூப்போட்டது. அவளுக்கு என்னைவிட நன்றாக இருந்தது. அதற்கும் ஒரு மூச்சு பொருமினேன். ஆனால் இரண்டு நாள் போட்டவள் மூன்றாம் நாள் மறுபடி சேலையில் வந்தாள். பழையபடி விசிறிக் கொசுவம்.

"ஏன் கண்ணு, ஊட்ல வேண்டாம்னுட்டாங்களா?"

"இல்லீங்க்கா. அவரு நல்லாருக்குதுன்னுதான் சொன்னாரு." சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "காலையில கொசுவம் புடிக்கற அந்தக் கொஞ்ச நேரந்தானுங்க்கா நாங்க ரெண்டு பேரும் ஒக்காந்து பேசறது. அப்புறம் அவரு காட்டுக்குப் போயிருவாரு, நான் இங்க வந்துருவேன். பொழுதுபோனா புள்ளைங்க. சுடிதாரப் போட்டா எனக்கு வேல சீக்கிரம் முடிஞ்சுருது. அவரும் அப்படியே எந்திரிச்சுப் போயிர்றாரு."

சீக்கிரம் முடிவதற்காகத்தான் நான் மாமியாரிடமும் ஆபீசரிடமும் மல்லுக்கட்டி ஒன்றை வாங்கியிருந்தேன். அவளுக்கு அது சீக்கிரம் முடிவதுதான் குறையாக இருந்தது. இப்படி ஒரு குறை சொல்ல ஒருத்திக்கு வாய்த்திருக்கிறதே என்று, அவள் பூனம் சேலை கட்டிவந்த முதல் நாளைவிட அதிகமாக வயிறு எரிந்தது.

அதன்பின் நாலு வருஷம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். அவள் சேலையிலும் நான் சுடிதாரிலும். பிறகு எனக்குக் கீழே மாற்றல் கிடைத்தது. ஆபீசில் மற்ற பெண்கள் ஒவ்வொருவராகச் சுடிதாருக்கு வந்தார்கள், நான்தான் வழிகாட்டினேன் என்று என்னைப் பாராட்டவும் செய்தார்கள். கேட்டுக்கொண்டேன். வழியனுப்பு விழாவுக்கு மட்டும் பட்டுச்சேலை கட்ட வேண்டியிருந்தது. அவள்தான் என்னைப் பழைய கட்டு அறைக்குக் கூட்டிப்போய்க் குந்தி உட்கார்ந்து கொசுவம் பிடித்துவிட்டாள். "இப்பப் பாருங்கக்கா, எப்படி நிக்குது" என்றாள். நன்றாகத்தான் நின்றது. அவள் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் வந்த நான் அவள் முந்தானையைப் பார்த்துக்கொண்டே போனேன்.