மூக்கக்காவும் படுக்கையறைச் சமையலும்

தரையைக் கொத்திப் போட்ட அன்று குழாய்க்காரர் நாலு நாள் என்றார். நாலு நாள் என்று சொல்லாத குழாய்க்காரரை யாரும் பார்த்திருக்க முடியாது. சமையலறைத் தரைக்கடியில் குழாய் உடைந்து, கீழ்வீட்டுக் கூரை வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் இன்னொரு குழாயும் துருப்பிடித்திருப்பதைக் கண்டுபிடித்து, ஏதோ புதையலை எடுத்தவர் போலக் காட்டிவிட்டுப் போனார். அடுப்பும் அலமாரியும் பாத்திரங்களும் கூடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. புழங்குவதற்கு மிஞ்சியது படுக்கையறையும் குளியலறையும்தான்.

“அதுவரைக்கும் கடையில வாங்கிக்கலாமே,” என்றார் அவள் புருஷன். பூட்டுக் கடை வைத்திருந்ததால் எல்லாருக்கும் அவர் பூட்டுக்காரர்.

மூக்கக்கா திரும்பிப் பார்த்தாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தொழிற்சாலை கேன்டீனில் தினமும் அறுநூறு பேருக்குச் சமைத்துப் போடுகிறவள், வீட்டுக்கு வந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிடுவதா? வீட்டுச் சாப்பாடுதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தையல் மெஷின்மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் கரண்ட் குக்கரையும் கெட்டிலையும் வைத்தாள். அறையில் இருந்த ஒரே பிளக் கட்டிலுக்குப் பின்னால் இருந்தது. அதிலிருந்து ஒரு நீள ஒயர்ப் பெட்டியை இழுத்துக்கொண்டாள். குக்கரில் முதலில் பருப்பு வேகும். அதைத் தூக்குப் பாத்திரத்தில் மாற்றி, துண்டில் சுற்றி, போர்வைக்குள் புதைத்து வைப்பாள். அதே குக்கரில் அடுத்து சாதம், கடைசியில் காயோ மீனோ. முட்டை கெட்டிலில் வெந்தது. எல்லாம் சூடாக ஒரே நேரத்தில் தட்டுக்கு வரும். சமையலறை இருந்த நாட்களில்கூட இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. பாத்திரம் கழுவுவது பூட்டுக்காரரின் வேலை. குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கழுவுவார்.

மூக்கக்கா என்பது கேன்டீன் வைத்த பெயர். இருபத்திரண்டு வருஷமாக அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையில் வரும் பால் கேன், மீன் கூடை, எண்ணெய் டின் எல்லாவற்றையும் அவள் முன்னால் திறந்து காட்ட வேண்டும். அவள் குனிந்து மோந்து பார்த்துத் தலையை ஆட்டினால்தான் பொருள் உள்ளே போகும். பின்கட்டில் பருப்பு அடிப்பிடித்தால் வாசலில் நிற்கிறவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

அந்த மூக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு, பத்து நாள் காய்ச்சலோடு போய்விட்டது. சிலருக்குத் தானாகத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார் டாக்டர். அவளுக்குத் திரும்பவில்லை. நாக்கில் உப்பும் புளிப்பும் உறைப்பும் மிஞ்சியிருந்தன. மற்றதெல்லாம் வெறும் சூடு, வெறும் ஈரம். அவள் யாரிடமும் சொல்லவில்லை. மீனின் செவுளைப் பிரித்துப் பார்த்தாள், பால் கேனைச் சாய்த்துப் பார்த்தாள், கொண்டுவந்தவன் முகத்தையும் பார்த்தாள். பழையபடி குனிந்து, பழையபடி தலையை ஆட்டினாள். ஒவ்வொரு மத்தியானமும் கடைசித் தட்டு கழுவப்போகும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். சொல்லிவிட்டால் அவளுக்குச் சம்பளச் சீட்டில் இருக்கிற பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

வீட்டில் அந்தப் பயம் குறைவு. காரணம், பூட்டுக்காரருக்கு வயதான காலத்தில் வாய் திறந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து வாய்க்கும் ஒரு பூட்டைப் போட்டு வைத்திருந்த மனிதர், கொஞ்ச காலமாக வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏதாவது சொல்லிக்கொண்டு வருவார். “வெங்காயம் செவந்துடுச்சு போல.” “பருப்பு பொங்குது.” “பால் அடிப்பிடிக்குதா என்ன?” அவள் எரிச்சல் காட்டிக்கொண்டே அடுப்பைக் குறைப்பாள். கிழவருக்குச் சாப்பாட்டு ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். படுக்கையறைக்குச் சமையல் வந்தபிறகு இரண்டடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டும் அதையே சொன்னார்.

பதினோராம் நாள் காலை, கேன்டீனில் காய் நறுக்குகிற சின்னப் பெண், எல்லாருக்கும் தங்கச்சி, அவள் காதருகே வந்தாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு நாளா உங்க துணியெல்லாம் மீன் வாடை அடிக்குது.”

“படுக்கிற ரூம்லதானே சமையல்.”

“உங்க மூக்குக்கு எப்படித் தெரியாம போச்சு?”

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். மூக்கக்கா அன்று முழுக்க யாரிடமும் ஒட்டி நிற்காமல் வேலை பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் துணி அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு துணியாக முகத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மடிப்புகளுக்கு நடுவில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. பிரிக்காத சோப்புக் கட்டி. அடுத்த மடிப்பிலும் ஒன்று. அவள் வைக்கவில்லை. தலையணை உறைகள் வெளுத்துப் புதுசாக இருந்தன. பால்கனிக் கொடியில், பூட்டுக்காரர் துவைத்துப் போட்ட அவளுடைய வேலைத் துணிகள் இரண்டு நாள் மழையில் காயாமல் தொங்கின. இவருக்கு எதற்கு இந்த வேலை என்று யோசித்தாள். யோசனை ஓர் இடத்துக்குமேல் போகவில்லை. போக அவளுக்குத் துணிவில்லை.

பூட்டுக்காரர் கடையிலிருந்து வந்து, காலைப் பாத்திரங்களோடு குளியலறைக்குள் போனார். அவள் குக்கரில் சாதத்தையும் கெட்டிலில் முட்டையையும் வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினாள். பாதிகூட நறுக்கியிருக்க மாட்டாள். குளியலறையில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. சோப்பு நுரைக் கையோடு அவர் ஓடிவந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சுவர் சுவிட்சைத் தட்டினார். கட்டிலை ஒரே இழுப்பாக இழுத்தார். பின்னால் ஒயர்ப் பெட்டி உருகிக் கறுத்துச் சுருண்டு கிடந்தது. மெத்தையின் ஓரத்தில் கையளவுக்குக் கருகியிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அதற்கும் ஒரு முழம்தான் இருக்கும்.

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் இருந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

எந்தப் புருஷனாக இருந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “கருகுற வாசனைகூடவா வரலை?” அவர் அதைக் கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து மெத்தையில் ஊற்றினார். ஜன்னலைத் திறந்தார். உருகியதைப் பழைய துணியால் பிடித்து எடுத்து வெளியே வைத்தார். “நாளைக்கு வேற பெட்டி வாங்கிட்டு வரேன்,” என்று மட்டும் சொன்னார். அவர் கேட்காமல் விட்டதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“எப்பலேருந்து தெரியும்?”

அவர் ஈரக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காய்ச்சல் விட்டு நீ எழுந்த வாரம். டீ போட்டுக் குடுத்த. பால் கெட்டுப்போன பால்.”

“நீங்க குடிச்சீங்களே.”

“குடிச்சேன்.”

“ஏன் சொல்லலை?”

“நீ சொல்லலையே,” என்றார் அவர். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று மென்று விழுங்கி, “எல்லாரும் உன்னை அந்தப் பேரை வச்சுத்தானே கூப்பிடறாங்க,” என்றார்.

வாசலில் நின்று வெங்காயத்தைப் பற்றிப் பேசியதெல்லாம் ஆசை இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக அவர் தன் மூக்கை அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் அதைத் தொணதொணப்பு என்று திட்டியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த அறுநூறு பேருக்குப் பக்கத்தில் இப்படி யாரும் நிற்கவில்லையே என்று நினைத்தபோது பயமாக இருந்தது. அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் தட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கோணல்மாணலாக நறுக்கத் தொடங்கினார். சாதம் அரைவேக்காட்டில் நின்றுவிட்டது. போர்வைக்குள் இருந்த பருப்பு மட்டும் சூடாக இருந்தது. ரொட்டியை அதில் தொட்டுச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை பால் கேனைத் திறந்து வைத்தார்கள். அவள் குனியவில்லை. மேனேஜரை வரச் சொன்னாள்.

“சார், எனக்கு ரெண்டு வருஷமா வாசனை தெரியாது.”

மேனேஜர் சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா.”

“ஆகலை. ஆகியிருந்தா?”

காய் நறுக்குகிற தங்கச்சியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினாள். பால் சரி என்றாள் தங்கச்சி. மீனும் சரி. இரண்டாவது எண்ணெய் டின்னில் குனிந்தவள் முகத்தைச் சுளித்தாள். “காறல் வாடைக்கா. இது வேணாம்.” மூக்கக்கா எட்டிப் பார்த்தாள். எண்ணெய் தெளிவாக, பளிச்சென்று, பார்க்க அழகாக இருந்தது. அவளாக இருந்தால் தலையை ஆட்டியிருப்பாள். அந்த டின் வண்டியில் திரும்ப ஏறுகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

சமையல் அவளுக்கே, மோந்து பார்ப்பது தங்கச்சிக்கு என்று மேனேஜர் முடிவு செய்தார். இதைவிட நல்லபடியாக அவர் நடந்துகொண்டிருக்க முடியாது. மத்தியானம் பாத்திரம் துலக்குகிறவர் தூரத்திலிருந்து, “மூக்…” என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, “அக்கா” என்று முடித்தார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அவளுக்கு அதுதான் சுட்டது.

வீட்டுக்கு வந்தபோது குழாய்க்காரர் போயிருந்தார், தரை அப்படியே கொத்திக் கிடந்தது. பூட்டுக்காரர் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, புது ஒயர்ப் பெட்டியும் இரவல் வாங்கிய கரண்ட் அடுப்புமாகப் படுக்கையறையில் உட்கார்ந்திருந்தார். வாணலியில் ஏதோ வதக்கிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, இத்தனை நாளும் அவர் நின்ற இடத்தில் நின்றாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. வராது.

“வெங்காயம் செவந்துடுச்சு போல,” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு வாணலியைப் பார்த்தார்.

“இன்னும் இல்ல,” என்றார். “வந்து உக்காரு. செவந்ததும் சொல்றேன்.”