ஏரியில் ஊற்றிய மை

தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை நான் மோட்டார் இறக்காத கிணறு ஒன்று இருந்தால் காட்டுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் தண்ணீரை முகர்ந்து பார்த்தே அதன் சங்கதியைச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நானும் தண்ணீர் விஷயத்தில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது.

செம்பாக்கம் பக்கம், எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு ஏரி. அந்த வருஷம் மீன் குத்தகையை என் தாய்மாமா ஏலத்தில் எடுத்திருந்தார். சித்திரை வெயிலில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கி, பச்சைப் பசேலென்று திரண்டு கிடந்தது. மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை. மை இல்லையென்றால் பரீட்சை எழுத வேண்டியதில்லை என்பது நான் போட்ட கணக்கு. சாயங்காலம் யாரும் பார்க்காத நேரமாகப் போய், மைப்புட்டியை ஏரியில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

விடிந்ததும் ஊரே கரையில் நின்றது. ஏரி முழுக்க மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில கெண்டைகள் மல்லாந்தே விட்டன. மாமா ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நேராகப் போய், ஏலத்தில் தன்னிடம் தோற்ற சைக்கிள் கடைக்காரரின் சட்டையைப் பிடித்தார்.

“மருந்து கலந்தது நீதான? ஏலத்துல தோத்த வயித்தெரிச்சல், வேற இன்னா?”

“கைய எடு மச்சான். நானே தெனம் உன் ஏரியிலதான் திருட்டுத்தனமா தூண்டில் போட்டுக்கினு கீறேன். என் கொழம்புல நானே வெசம் வெப்பனா?”

கரையில் சிரிப்பு. மாமா சிரிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த மூங்கில் கழியைக் கையில் எடுத்துவிட்டார். நான் ஊற்றிய மைக்கு அந்த மனிதர் அடி வாங்கப் போகிறார். ஓடிப்போய் மாமாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

“அவரு இல்ல மாமா. நான்தான். மை ஊத்திட்டேன்.”

“மையா? எவ்ளோடா?”

“ஒரு புட்டி.”

மாமாவின் பிடியில் இருந்தபடியே சைக்கிள் கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “கேட்டியா மச்சான், ஒரு புட்டி மையில ஏரியே பெயிலாயிடுச்சாம்!”

மாமா யாரை அடிப்பதென்று தெரியாமல் நின்றார். இந்தக் கூத்துக்கு நடுவில் வெயில் ஏறிவிட்டது. “மீனு உள்ள போவுதுபா!” என்று யாரோ கத்தினார்கள். உண்மைதான். ஒவ்வொரு வாயாகத் தண்ணீருக்குள் மறைந்தது. செத்து மிதந்தவை ஒரு கூடைக்குத்தான் தேறும். மாமா கழியைப் போட்டுவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் உண்மையைச் சொன்னதால்தான் மீன்கள் பிழைத்தன என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் காரணம் வேறாம். தண்ணீரைப் பச்சையாக்கும் பாசி பகலில் வெயிலை வாங்கிக்கொண்டு மூச்சுக்காற்றை விடுமாம். இரவெல்லாம் அதையே தின்று தீர்க்குமாம். விடியும்போது மீனுக்கு மிச்சம் இருக்காதாம். சாணமும் சாக்கடையும் சேரச் சேரப் பாசி கொழுக்குமாம். பிற்பாடு தண்ணீர் சோதிக்க வந்த அதிகாரி ஒருவர் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு இதெல்லாம் எங்களில் யாருக்குத் தெரியும்? பிழைத்த மீனுக்குத் தெம்பு ஏற்ற வேண்டும் என்று மாமா அன்று சாயங்காலமே இரண்டு வண்டி நிறையச் சாணம் கொண்டுவந்தார். சைக்கிள் கடைக்காரர் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொடுத்தார். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக நானும் தண்ணீரில் இறங்கி, மீன்கள் வயிறாரத் தின்னட்டும் என்று இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டேன்.