சிங்கப்பெருமாளிடம் நான் கேட்ட இரண்டு கால்கள்

அன்று அக்காவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியபோது இருந்தவர்கள் நான், அம்மா, ஆட்டோக்காரர். இல்லாதவர்களையும் சொல்லிவிடுகிறேன். போட்டி நடத்திய கமிட்டித் தலைவர் இல்லை. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள், அதுவும் இல்லை. அக்காவின் காலை உதைத்த வசந்த் இல்லை. அவன் மைதானத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டத்தை நிறுத்தக்கூட இல்லை, அன்பர்களே. எங்கள் ஆட்டோ கேட்டைத் தாண்டும்போது உள்ளே மைக்கில் அடுத்த கோலுக்குக் கைதட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என் பெயர் சரவணன். சேலையூரில் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறோம். அப்பா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிறாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். எனக்கு ஃபீஸ் கட்டியது என் அக்கா தேன்மொழி. இந்தியப் பெண்கள் கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடுகிறவள்.

நடுக்களம் என்றால் கோல் போட்டுப் பேர் வாங்கும் இடம் இல்லை. எதிரியிடமிருந்து பந்தைப் பிடுங்கி, யாருக்குத் தேவையோ அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி ஓட வேண்டும். அம்மாவுக்கு அது வெகு நாள் புரியவில்லை. "நீ எப்பதாண்டி கோல் போடுவ?" என்று ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் கேட்பாள். "நான் போடறவளுக்குப் போடறேம்மா" என்பாள் அக்கா. "அடிப்பாவி, அப்ப சம்பளம் அவளுக்கா?" என்பாள் அம்மா.

அடிபட்ட அந்தப் பொங்கலுக்கு அக்கா அணியின் பயிற்சி முகாமிலிருந்து லீவில் வந்திருந்தாள். சேலையூர் மைதானத்தில் வருடாவருடம் நடக்கும் பொங்கல் போட்டியில், கூட்டம் சேர்ப்பதற்காகப் பத்து நிமிடம் பையன்களோடு ஆடச் சொன்னார்கள். சின்ன வயதில் வெறுங்காலோடு அவள் ஆடிப் பழகிய மண் அது. மறுக்காமல் போனாள். எதிர் டீமில் கமிட்டித் தலைவரின் மகன் வசந்த். பெரிய ஆட்டக்காரன் என்று அவனுக்கு நினைப்பு. அக்கா அவனுடைய இரண்டு காலுக்கும் நடுவில் பந்தைத் தட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொண்டாள். ஊரே சிரித்தது. மைக்கில் இருந்தவர், "தம்பி வசந்து, கதவைச் சாத்து, காத்து வருது!" என்றார்.

அடுத்த நிமிடம் அவன் பின்னாலிருந்து வந்தான். பந்து அங்கே இல்லை. கால் மட்டும்தான் இருந்தது. நான் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு பார்த்தேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

முழங்காலின் உள்ளே இருக்கும் தசைநார் அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்ய வேண்டும், பழையபடி ஆட முடியுமா என்பது அப்புறம்தான் தெரியும் என்றார் டாக்டர். அணியில் அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். பணத்துக்காகத் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "அந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே காலு வீக்குன்னு சொல்றாங்களேப்பா. நாங்க இன்னா பண்றது?" என்றார். அம்மாவின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது. மீதியைக் கடன் வாங்கினோம்.

இதெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். வசந்த் என்ன செய்தான் தெரியுமா? அக்கா விழும் இடத்தை மட்டும் வீடியோவில் வெட்டி, கேலியாக ஒரு சத்தத்தைச் சேர்த்து, 'ஒரு தட்டுக்கே நேஷனல் அவுட்' என்று எழுதி எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் விட்டான். காலில் கட்டோடு படுத்திருந்த அக்காவின் போனுக்கே அது வந்தது. பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. நான்தான் மொட்டை மாடிக்குப் போய் அழுதேன்.

அந்த வாரம் சுவாதி நட்சத்திரம் வந்தது. அது சிங்கப்பெருமாளுக்கு உகந்த நாள். நான் மின்சார ரயில் ஏறிக் கோவிலுக்குப் போனேன். அங்கே பெருமாள் பாறையோடு பாறையாகக் குகைக்குள் இருக்கிறார். பட்டர் நாமத்தை விலக்கித் தீபத்தைக் காட்டும்போது நெற்றியில் மூன்றாவது கண் தெரியும். அந்தக் கண்ணைப் பார்த்து இரண்டு கால்களைக் கேட்டேன். ஒன்று, அக்காவின் கால் பழையபடி வேண்டும். இரண்டு, வசந்தின் கால் போக வேண்டும். ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. தூணைப் பிளந்து வந்து வயிற்றைக் கிழித்த சாமியிடம் நாகரிகமாக எதைக் கேட்பது?

மலையைக் குடைந்த கோவில் என்பதால் பெருமாளைச் சுற்ற வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். நான் பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு பையன், "எதிரிக்குன்னா வலமா சுத்தக் கூடாது மச்சான், இடமா சுத்தணும்" என்று சொல்லியிருந்தான். பட்டம் வாங்கியவன் நான், அதை அப்படியே நம்பினேன். சுவாதிக்குச் சுவாதி மலையை இடமாகச் சுற்றினேன். எதிரே வருகிற ஜனங்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒதுங்கிப் போவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வசந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடப்பேன்.

கட்டுப் பிரித்து, ஊன்றுகோலையும் விட்டபிறகு, அக்காவைத் தினமும் நடக்கச் சொன்னார்கள். "நீ மாசாமாசம் எங்கேயோ போறியே, நானும் வரேன்" என்று ஒரு சுவாதிக்குக் கூடவே கிளம்பிவிட்டாள். மலை அடிவாரத்தில் நான் வழக்கம்போல இடமாகச் சுற்றத் தொடங்கினேன். அவள் நின்றுவிட்டாள்.

"இன்னாடா இது? எல்லாரும் எதுத்தாப்புல வந்துகினு கீறாங்க, நீ மட்டும் ஒன்வேல ராங் ரூட்ல போற?"

நான் உண்மையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அவன் காலு ஒடைஞ்சா எனக்கு இன்னாடா கிடைக்கும்? அவன் காலை எடுத்து எனக்கா மாட்டுவாங்க?"

"உனக்குக் கோவமே வரலியாக்கா?"

"வராம? அவனைப் பாக்கணும்னு உன்னைவிட நான் வெறியா கீறேன். ஆனா காலோட பாக்கணும். அவன் நல்லா நிக்கணும், நான் ஓடி வரணும். வா, இந்தப் பக்கம் திரும்பு."

அன்று வலமாகச் சுற்றினோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாள். வெயில் ஏறிவிட்டது. அதற்கடுத்த சுவாதிக்குத் தோளைப் பிடிக்கவில்லை. ஆடி மாதம் வேகமாக நடந்தாள். ஐப்பசியில் மழை பெய்து வழியெல்லாம் சேறாகக் கிடந்தது. அந்தச் சேற்றில் அக்கா ஓடினாள், அன்பர்களே. என்னை முந்திக்கொண்டு ஓடினாள். நான் நின்ற இடத்திலேயே மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். எதிரிக்காகச் சுற்ற வந்தவன் காலடியில் பெருமாள் அக்காவுக்கு ஓடுகளம் போட்டுவைத்திருந்தார். அது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அடுத்த பொங்கலுக்கு நாங்கள் அந்த மைதானத்துப் பக்கமே போகவில்லை. கோடையில் முகாமிலிருந்து அழைப்பு வந்தது. உடனே இடம் கொடுத்துவிடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு நாள் வெளிநாட்டில் ஒரு மேட்ச். விடுதி அலுவலகத்தில் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதியில் ஆள் மாற்றும் பலகையைத் தூக்கினார்கள். அக்கா உள்ளே வந்தாள். வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பந்தைப் பிடுங்கி, முன்னால் இருந்தவளுக்கு நீளமாக விட்டாள். கோல். அம்மாவுக்குப் போன் போட்டேன். "இவ போட்டாளா?" என்றாள். "இவ கொடுத்தாம்மா" என்றேன். "கொடுத்தா போதும்டா, கொடுத்தா போதும்" என்று அழுதாள்.

முதல் கால் கிடைத்துவிட்டது. இரண்டாவதை நான் மறக்கவில்லை. நடக்கும் திசையைத்தான் மாற்றினேன், வாயில் இருந்த பெயரை மாற்றவில்லை.

இந்தப் பொங்கலுக்கு முன்னால் கேம்ப் ரோட்டில் ஒரு பேனரைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் 'சேலையூரின் சிங்கப்பெண் வருகிறார்'. அக்காவின் படம். பக்கத்தில் கும்பிட்டபடி தலைவர், கீழே வசந்த். தாம்பரம் வரைக்கும் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை! பேனரைக் கட்டிவிட்டுத்தான் மறுநாள் தலைவரும் வசந்தும் பழத்தட்டோடும் சால்வையோடும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா உட்காரச் சொல்லவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கவில்லை.

"பாப்பா வந்து முதல் பந்தை உதைச்சித் தொடங்கி வைக்கணும். ஸ்பான்சருங்க எல்லாம் பாப்பா பேரைச் சொல்லித்தான் வந்துகீறாங்க" என்றார் தலைவர்.

"வரேன் சார்" என்றாள் லீவில் வந்திருந்த அக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரெண்டு விஷயம். ஒண்ணு, என் ஆஸ்பத்திரி பில்லு. பொங்கலுக்கு முன்னாடி வரணும்."

தலைவர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கிருந்தே தெருமுனையில் ஒரு பேனர் தெரிந்தது. "சரிம்மா. ரெண்டாவது?"

"வசந்து சென்டர்ல வந்து நிக்கணும். காலை அகட்டிக்கினு. நான் அந்தச் சந்துல முதல் பந்தை விடுவேன். அவரு அசையக் கூடாது."

வசந்த் முகம் செத்துப்போனது. "அப்பா, இன்னாப்பா பேஜாரு இது" என்றான்.

"நிக்கறடா நீ" என்றார் தலைவர். "பேனர் காசு உங்கொப்பனா குடுப்பான்?" பிறகு தான்தான் அந்த அப்பன் என்று ஞாபகம் வந்து பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள்: "ஆட்டோ சார்ஜையும் சேர்த்துக்கச் சொல்லுடி!"

பொங்கலன்று மைதானத்தில் நிற்க இடமில்லை. வசந்த் நடுவில் நின்றான். அக்கா தூரத்திலிருந்து ஓடி வந்தாள். பயந்துபோய்க் காலை மூடிக்கொண்டான். பந்து அவன் முட்டியில் பட்டுத் தெறித்தது. கூட்டம் ஊளையிட்டது. மைக்கில் அதே ஆள், "தம்பி, கதவைத் தொற! சொன்னாக் கேளு!" என்றார். அக்கா பந்தை மறுபடி வைக்கச் சொன்னாள். மறுபடி ஓடி வந்தாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான், அசையவில்லை. பந்து அவன் காலுக்கு நடுவில் போனது. அக்கா அவனைச் சுற்றிப்போய் அதை எடுத்துக்கொண்டாள். வலமாகத்தான் சுற்றினாள். அந்த வீடியோ அன்று சாயங்காலத்துக்குள் எல்லா குரூப்பிலும் வந்துவிட்டது. நான் யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்ப வேண்டிய அவசியமே வரவில்லை.

அவனைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். வரவில்லை. வயிறு குளிர்ந்தது. மறுநாளே கோவிலுக்குப் போய்ப் பானகம் படைத்தேன். அவன் காலை நான் ஒடிக்கச் சொன்னேன். பெருமாள் அதை ஒடிக்காமல், ஊர் பார்க்க நிற்கவைத்துக் கொடுத்தார். எது பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. முன்பெல்லாம் கோபம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. இப்போது அதை ரயிலேற்றிக் கொண்டுபோய் அவர் சந்நிதியில் இறக்கிவிட்டு வருகிறேன். நிம்மதியாகத் தூங்குகிறேன்.

உங்களுக்கும் ஒருத்தன் இருப்பான். உங்கள் வீட்டுப் பெண்ணைக் கீழே தள்ளிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனவன். சிங்கப்பெருமாளிடம் வாருங்கள். அவன் பெயரைச் சொல்லியே கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். மலையை மட்டும் வலமாகச் சுற்றுங்கள். எதிரே வருகிற பக்தர்கள்மேல் இடிக்காமலாவது இருக்கும்.

சொன்னபடி பொங்கலுக்கு முந்தின நாள் தலைவரே வந்து பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவின் சங்கிலி கழுத்துக்குத் திரும்பிவிட்டது. அவர்களுக்குக் கடைசியில் ஆன செலவு மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய். அந்த இருநூற்று ஐம்பது, ஆட்டோவுக்கு.