வாசலில் காய்ந்த சாம்பல்

சாரல் சமயத்தில் தென்காசியில் வெயில் எட்டிப் பார்த்தால் ஊரே பரபரக்கும். ஈரத்துணி, மிளகாய், தலையணை எல்லாம் வெளியே வரும். அடுத்த தூறலுக்கு எல்லாம் உள்ளே ஓடும். என் அம்மா இதில் கெட்டிக்காரி. அந்த ஆடி வெள்ளிக்கிழமை அவள் வெளியே எடுத்து வைத்தது என் ஆராய்ச்சி முழுவதையும்.

இமயமலைச் சரிவில், இரண்டு பாறை அடுக்குகளுக்கு நடுவே, விரல் தடிமனுக்கு ஒரு சாம்பல் படிவு. பழைய எரிமலை ஒன்று கக்கியது. அதற்குக் கீழே சிப்பியும் சங்குமாக நிறைந்து கிடக்கும். மேலே ஒன்றும் இருக்காது. உலகத்தில் பெரும்பாலான உயிர்கள் அழிந்துபோன காலம் அது. சாம்பலுக்குள் சிர்கான் என்ற மிகச் சிறிய மணிகள் உண்டு. அவற்றின் வயது தெரிந்தால் அந்த அழிவு எப்போது நடந்தது என்று தெரிந்துவிடும். நான் அள்ளி வந்த பிறகு அந்த இடம் மண் சரிந்து மூடிவிட்டது. கையில் இருந்தது ஒரே ஒரு பை.

புளியறை தாண்டிக் கேரளத்தில் இருக்கும் ஆய்வகத்துக்குப் போகிற வழியில் வீட்டில் தங்கினேன். பை சாரலில் நனைந்திருந்தது. சாம்பல் கட்டிகளை எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பி, என் அறையில் ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு, புதுப் பை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தால் தாம்பாளம் வாசலில் வெயில் காய்கிறது. பக்கத்திலேயே அம்மா குனிந்து, தூறலில் கரைந்த காலைக் கோலத்தை மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. தாம்பாளத்தின் ஓரம் வெள்ளையாக இருந்தது.

"யம்மா! அது என்ன மாவு?" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

கடையில் விற்கும் கோலப்பொடி எங்கள் பக்கத்துப் பாறையை உடைத்து அரைத்தது. அதிலும் சிர்கான் இருக்கும். அது கலந்துவிட்டால் நான் சொல்லும் வயதை ஒருவரும் நம்பமாட்டார்கள். அரிசி மாவு என்றால் பயமில்லை, கழுவினால் போய்விடும்.

"பச்சரிசி மாவுதாம்ட்டி. ஆடி வெள்ளில்லா?" என்றாள். கோலத்தை விட்டு நிமிரவில்லை. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறாளோ என்று சந்தேகம். தாம்பாளத்தை உள்ளே வைத்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். அரிசி என்றால் எறும்பு வரும்.

அம்மாவும் உட்கார்ந்தாள். குற்றாலத்துப் பக்கம் மலை இருட்டிக்கொண்டு வந்தது. தூறினால் கோலமும் போச்சு, சாட்சியும் போச்சு. கடைசியில் படியோர வெடிப்பிலிருந்து ஓர் எறும்பு வந்தது. அதன் பின்னால் ஒரு வரிசை. முதலில் வந்தது மாவைக் கவ்விக்கொண்டு நகர்ந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டேன்.

அவள் அசையவில்லை. "கொஞ்சம் கல்பொடியும் கலந்திருக்கேம்ட்டி," என்றாள். "ஈரத்துக்கு வெறும் மாவு கையில ஒட்டுது. அதான்."

சொல்லாமலே இருந்திருக்கலாம். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளுடைய கோலப்பொடி டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிப் பையில் கட்டினேன். இரண்டின் வயதையும் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கிளம்பும்போது அவளிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

முடிவு வர மார்கழி ஆகிவிட்டது. கோலப்பொடியின் மணிகளுக்கு ஐம்பது கோடி வருடங்களுக்கு மேல். சாம்பலில் எடுத்தவை ஒன்றுவிடாமல் இருபத்தைந்து கோடியை ஒட்டி நின்றன. அம்மாவின் பொடியிலிருந்து ஒரு மணிகூட உள்ளே போகவில்லை. ஆய்வகத்திலிருந்தே அவளைக் கூப்பிட்டேன்.

"அப்போ ஒஞ் சாம்பல் கெடல்லியா?"

"கெடலம்மா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அன்னையிலருந்து வாசலுக்கு வெறுந் தண்ணிதான் தெளிக்கேன். மார்கழியிலயும் கோலம் இல்லன்னதும், வீட்ல ஏதும் துட்டியா, யாரும் தவறிட்டாவளான்னு எதுத்த வீட்டு மதினி கேக்கா," என்றாள். "நாளைக்குப் போடட்டுமாட்டி?"