இசக்கியம்மாவின் காது

கோத்தகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தொலைபேசி மேசை இசக்கியம்மாவுடையது. கூப்பிடுகிறவர் கத்தினால் ஆம்புலன்ஸ் உடனே கிளம்பும். நிதானமாகப் பேசினால் ஆட்டோ பிடித்து வரச் சொல்லிவிடுவாள். அவள் சாத்தான்குளம் பக்கம் பிறந்தவள். அங்கே வலி வந்தால் தெருவுக்கே கேட்கும். பாசம் வந்தாலும் அதே சத்தம்தான்.

கணவர் நல்லசிவம் அவிநாசிக்காரர். அரவேணுவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். தன் அம்மா இறந்த அன்றுகூட, துக்கத்துக்கு வந்தவர்களிடம் டீ குடித்தீர்களா என்று மெதுவாக விசாரித்துக்கொண்டிருந்தார். இந்த மனுசன் நெஞ்சில் ஈரமே இல்லை என்று இசக்கியம்மா அன்றைக்கே முடிவுகட்டி, அதை ஊரெல்லாம் சொல்லியும் வைத்தாள். எதையும் இரண்டு முறை யோசிக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை அவர் போன் செய்தார். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். சாப்பிட்டாயா என்றார். அங்கே மழையா என்றார். அப்புறம், நெஞ்சு கொஞ்சம் பிடித்த மாதிரி இருக்கிறது, வேலையெல்லாம் முடித்துவிட்டு மெதுவாக வந்தால் போதும் என்றார். வாயுவாக இருக்கும், ஓமத்தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் சாந்தாமணி கோபிக்காரி, நல்லசிவம் மாதிரியே கொங்குப் பக்கம். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“வண்டிய அனுப்புங்கக்கா. அண்ணன் ரொம்பப் பயந்துபோயிருக்காருங்க.”

“சாப்டியான்னு கேக்குத மனுசனுக்கு என்ன பயம்?”

“எங்கப்பாவும் கடைசியா அப்படித்தான் கேட்டாருங்க.”

வண்டி போனது. மாரடைப்பு. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் இசக்கியம்மா வராந்தாவில் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். வாட்ச்மேன் ஓடிவந்து சமாதானம் செய்து பார்த்தார், நடக்கவில்லை.

சாயங்காலம் நல்லசிவம் கண் விழித்தபோதும் அவள் ஓயவில்லை, அந்தச் சத்தம்தான் முதலில் அவர் காதில் விழுந்தது. மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சாந்தாமணியிடம் கேட்டார்.

“அவ எம்மேல ரொம்பக் கோவமா இருக்காளுங்களா?”

கதவைத் திறந்து உள்ளே வந்த இசக்கியம்மா அதைக் கேட்டுவிட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் அழுதது, கொஞ்சியது எல்லாமே அவருக்கு ஏச்சாகத்தான் கேட்டிருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது. கட்டிலருகே உட்கார்ந்து, பழக்கமில்லாத தணிந்த குரலில், “கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க தூங்குங்க” என்றாள்.

நல்லசிவம் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தார்.

“உனக்கு என்ன புள்ள ஆச்சு?”