எஞ்சினுக்கு மெத்தை தைத்தவள்

என் அக்கா தையல்காரி. நாற்பது வருடம் ஊரார் உடம்பை அளந்தவள், அறுபத்தெட்டாவது வயதில் ஒரு ரயில் எஞ்சினை அளக்கப் போனாள். சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அது அத்தான் ஓட்டிய நீராவி எஞ்சின். அக்கா வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம் வளைகிற இடத்தில் விசிலை ஒரு நீளம், இரண்டு குட்டையாக இழுப்பார். எஞ்சினை ஷெட்டில் விட்டுவிட்டு அரை மணியில் வருகிறேன், வெந்நீர் போடு என்று அர்த்தம். ஊருக்கே கேட்கும், அவளுக்கு மட்டும்தான் புரியும். அதைச் சொல்லி நான் அவளைச் சீண்டாத நாள் கிடையாது. அத்தான் மாரடைப்பில் போய் இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அடுத்த வருடமே எஞ்சினையும் ஓரங்கட்டிவிட்டார்கள்.

பழைய ரயில்களைக் காப்பாற்றுகிற ஓர் அறக்கட்டளை அதைக் கேட்டு வாங்கியது. சனிக்கிழமைதோறும் ஷெட்டில் கூடி, சம்பளமில்லாமல் துரு சுரண்டுகிற கூட்டம். ஆள் தேவை என்ற நோட்டீஸைப் பார்த்த அன்றே அக்கா போய் நின்றாள். துணைக்கு நான். அங்கே பொறுப்பில் இருந்தவர் ஓய்வுபெற்ற டிரைவர். பார்த்த ஐந்தாவது நிமிடம் அவருக்கு முசுடு என்று பெயர் வைத்துவிட்டேன்.

"என்னம்மா வேலை தெரியும்?"

"தைப்பேங்க."

"எஞ்சினுக்கு என்ன சட்டையா போடப்போறோம்?" என்றவர், கொஞ்சம் யோசித்தார். சட்டை உண்டுதான். கொதிகலனின் சூடு வீணாகாமல் இருக்க, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு மெத்தைகளைக் கட்டி, மேலே தகடு போட்டு மூட வேண்டும். மொத்தம் இருபத்தாறு மெத்தை. அக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

மூன்று மாதம் தைத்தாள். பஞ்சு பட்டுக் கையெல்லாம் அரித்துச் சிவந்தது. கட்டிப் பார்த்தால் மெத்தைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு புடைத்து நின்றன. தகடு மூடவே இல்லை. முசுடு ஒரு மெத்தையைப் பிரித்துப் பார்த்தார். ஓரமெல்லாம் இரண்டு அங்குலத் துணி உள்ளே மடிந்து கிடந்தது.

"இது எதுக்கும்மா?"

"பின்னாடி வேணும்னா பிரிச்சு விட்டுக்கலாம்னு..."

"இந்த எஞ்சின் இனிமே உடம்பு போடாதும்மா!"

ஷெட்டே சிரித்தது. அக்கா தலை நிமிரவில்லை. முதல் ஓட்டத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. பதினேழு நாள்தான் பாக்கி. அத்தனை மெத்தையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தாள். நான் நூல் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போனேன்.

"விட்டுத் தொலையேன்க்கா. இந்த வயசுல உனக்கு எதுக்கு இது?"

"எனக்கு அந்தச் சத்தம் வேணும்டி. ஒரே ஒரு தடவை."

மெஷினை நிறுத்தாமல்தான் சொன்னாள். அத்தான் போனபிறகு அவள் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் கேட்டதில்லை. அடுத்த மெத்தையை இழுத்துப் போட்டு நூல் பிடுங்க ஆரம்பித்தேன்.

பதினாறாம் நாள் தகடு கச்சிதமாக மூடியது. முசுடுக்கே மனசு இளகிவிட்டது.

"நாளைக்கு என்கூட எஞ்சின்ல வந்து நில்லுங்கம்மா. விசிலை நீங்களே இழுங்க."

"வேண்டாங்க. நான் வீட்டுல இருக்கேன். வளைவுல மட்டும் ஒரு நீளம், ரெண்டு குட்டை குடுங்க, போதும்."

"விசில் பலகை இருக்கிற இடத்துலதாம்மா அடிக்கணும். ரூல் அப்படி."

அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி வந்து, வெந்நீர்க் கதையை அவரிடம் கொட்டித் தீர்த்தேன். கேட்டு முடித்ததும் அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்கு அடியில் போய்விட்டார்.

மறுநாள் ஊரே ஸ்டேஷனில் இருந்தது. நாங்கள் இருவரும் அவள் சமையலறையில் இருந்தோம். அக்கா பின்பக்க ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பதினொன்று பத்துக்குப் புகை தெரிந்தது. வளைவில் நீளமாக ஒரு விசில் வந்தது. ஒரு குட்டை வந்தது. இன்னொன்றும் வந்தது.

அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய், பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். சுட்டதும் குளியலறைக்குக் கொண்டுபோய் விளாவி, கையை விட்டுப் பதம் பார்த்தாள். கொடியில் ஒரு துண்டைப் போட்டாள். பிறகு வாசலைப் பார்க்கிற நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

அரை மணி ஆனது. முக்கால் மணியும் ஆனது.

"தண்ணி ஆறுது" என்றாள். "நீ போய்க் குளி."

காலையிலேயே குளித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போய்க் குளித்தேன்.