பெயர் அழிந்த நான்கு வால்வுகள்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. பிரம்மதேசத்தில் பிறந்து, திண்டிவனத்தில் முப்பது ஆண்டுகள் வால்வு என்னும் கண்ணாடிக் குழல்களில் ஓடும் பழைய ஆம்ப்ளிபயர்களைப் பழுதுபார்த்தவர். துக்கத்துக்கு வந்தவர்கள் தங்கமான மனிதர் என்றார்கள். அதே வாய்கள் அதற்கு முந்தைய ஆண்டு பேசியதை நான் மறக்கவில்லை. அவர் தங்கையாகிய நானும் அதில் சேர்த்திதான். சந்தேகம் எங்கள் குடும்பத்தின் பிறவிக்குணம்.

அண்ணனுக்கும் அது உண்டு, பொருள்மீது மட்டும். வால்வின் கண்ணாடியில் அச்சடித்த கம்பெனிப் பெயரை நம்பவே மாட்டார். போலிக்காரன் முதலில் அடிப்பதே பெயரைத்தான் என்பார். உள்ளே இருக்கும் தகடுகளைப் பார்ப்பார். அடிக்கண்ணாடியில் பொடியாகப் பொறித்த, துடைத்தாலும் அழியாத எண்ணை லென்ஸ் வைத்துப் படிப்பார்.

கோட்டக்குப்பத்துப் பாய் ஒருவர், காலமான தம் அத்தாவின், அதாவது தகப்பனாரின், ஆம்ப்ளிபயர் செட்டைப் பழுதுபார்க்கக் கொடுத்தார். கடல் காற்றில் வால்வுகளில் பிசுக்கு ஏறியிருந்தது. அண்ணன் துடைக்கப்போக, பழைய மை, நான்கிலும் பெயர் அழிந்துவிட்டது. அசலை எடுத்துக்கொண்டு போலியை மாட்டிவிட்டதாகப் பாய் கடையிலேயே சண்டை போட்டார்.

“தொடைச்சது என் தப்புதான் பாய். இங்கயே தெறக்கறேன், அடிப்பக்கம் நம்பரப் பார்த்துக்கினு போங்க” என்றார் அண்ணன்.

“நீ ஒருவாட்டி தெறந்ததே போதும்” என்று பாய் செட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். திறந்தால் மிச்சத்தையும் மாற்றிவிடுவார் என்று அவருக்குப் பயம்.

அந்த வாரமே ஆரோவில்லிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்து அண்ணனிடம் வால்வுகள் வாங்கிப் போனார். நெருப்பில்லாமல் புகையுமா என்றது ஊர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேவிட்டேன்.

“நெஜமாவே மாத்தலதானே, அண்ணா?”

அவர் பாதிச் சோற்றில் கை கழுவினார். அதன்பின் என்னிடம் தொழில் பற்றிப் பேசியதே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் சிறுநீரகம் கெட்டுப் படுத்தவர், எழவில்லை.

போன மாதம் பாய் வந்தார். புதுச்சேரியில் வேறொரு மெக்கானிக் செட்டின் அடித்தகட்டைக் கழற்றியிருக்கிறார். உட்புறம் பாயின் அத்தா தம் கையால் எழுதி ஒட்டிய சீட்டு. அதில் நான்கு வால்வுகளின் எண்கள். மெக்கானிக்குகளை அவரும் நம்பாதவர் போலும். கண்ணாடியில் பொறித்திருந்த நான்கு எண்களும் சீட்டோடு அப்படியே பொருந்தின. அத்தாவின் கையெழுத்து என்பதால் பாயால் மறுக்க முடியவில்லை.

கடைசி நாட்களில் அண்ணனைத் தாங்கிய அரசு மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், ஆட்டோவில் ஏற்றி இறக்கிய பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. உண்மையை மறைக்காமல் வந்து சொன்ன பாய்க்கும் நன்றி.

அன்று அவர் கண்ணீரோடு சொன்னார்: “ஊரே நம்பல. நீங்களாச்சும் கூடப்பொறந்தவங்க, நம்பியிருப்பீங்கம்மா.”

நான் தலையாட்டினேன். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன், அந்தத் தலையாட்டல் பொய்.